அவள் மட்டும் முழுகவில்லை

"பின்னுக்குப் போங்கோ... காத்து வரட்டும்."

ஜதுர்ஷிகா இரண்டு உள்ளங்கைகளையும் அந்த மனிதனின் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அழுத்து... விடு... அழுத்து... விடு...

அவனுடைய உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

சற்றுத் தள்ளி மேடையில் வாசித்துக்கொண்டிருந்த பாண்ட் குழு பாதிப் பாட்டில் நின்றுபோனது. சீஸ் கடைக்காரன் கத்தியைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் வைன் கிளாஸைச் சந்தேகமாக முகர்ந்தார்.

அழுத்து... விடு...

"அம்புலன்ஸ் எங்கை?" ஜதுர்ஷிகா மூச்சு வாங்கக் கேட்டாள்.

"வருது பிள்ளை, வருது. நான்தான் அடிச்சனான்." கையில் போனுடன் நின்ற தடித்த மனிதர் சொன்னார். அவருடைய சட்டையில் ஒரு தங்க நிற மெடல் ஆடிக்கொண்டிருந்தது.

ஜதுர்ஷிகா டிடெக்டிவ் கான்ஸ்டபிள். வட லண்டன் எட்மண்டனில் பிறந்தவள். இன்றைக்கு லீவு. ஒக்டோபர் வெயிலில் நாலு விதமான சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று பெல்வெல்லுக்கு வந்திருந்தாள்.

பெல்வெல், லண்டனின் தெற்கு விளிம்பில், மோர்டனைத் தாண்டி இருக்கிற பழைய ஸ்பா நகரம். நிலத்துக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊறும். அந்தத் தண்ணீரில் இறங்கினால் மூட்டுவலி போகும் என்று இருநூறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குளியல் மண்டபத்தைச் சுற்றியுள்ள புல்வெளியில் வைன் விழா, சாப்பாட்டு விழா.

இந்த வருடம் விழாவில் ஒரு புது அயிட்டம்.

உயிருக்குப் போராடும் ஒரு மனிதன்.

அம்புலன்ஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். ஜதுர்ஷிகாவைத் தள்ளிவிட்டு மின்சாரம் வைத்தார்கள். உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது.

"துடிப்பு இருக்கு. மெல்லிசா இருக்கு."

ஸ்ட்ரெச்சர் கிளம்பியது. அதன் பின்னால் ஓடிய இளம் பெண்ணின் தலைமயிரை ஒரு கை கொத்தாகப் பிடித்து இழுத்தது.

"எங்கையடி ஓடுறாய்? மிச்சத்தையும் ஊத்தப் போறியோ?"

"விடுங்கோ மச்சாள்... நான் அவரோடை போகவேணும்..."

"உன்ரை கையாலை குடுத்தது பத்தாதோ? இவள்தான்... இவள்தான் என்ரை தம்பிக்குத் தன்ரை கிளாஸைக் குடுத்தவள். எல்லாரும் பாத்தது."

ஜதுர்ஷிகா இடையில் புகுந்து அந்தக் கையைப் பிரித்தாள். ஐந்து விரல்களிலும் மோதிரம் இருந்ததால் பிரிப்பது சுலபமாக இல்லை.

*

குளியல் மண்டபத்தின் தேநீர் அறை பொலிஸ் அறையாக மாறியது.

இன்ஸ்பெக்டர் மார்ஷ் வந்த வேகத்திலேயே எரிச்சலோடுதான் வந்தார். அவருடைய லீவும் அல்லவா போய்விட்டது? மனைவியோடு விழாவுக்கு வந்த மனிதர். கையில் ஒரு போத்தல் பை.

"இந்தப் பதற்றத்தில் அவர்கள் யாருக்கும் ஆங்கிலம் வரவில்லை. நீ தமிழ் பேசுவாயா?" ஜதுர்ஷிகாவிடம் கேட்டார்.

"பேசுவேன் சேர்."

"எவ்வளவு?"

"போதுமான அளவு."

அந்தப் பதிலுக்காக அவள் பிறகு நிறைய வருத்தப்பட வேண்டியிருந்தது.

மார்ஷ் சுருக்கமாகச் சொன்னார். "விழுந்தவன் பெயர் நிசாந்தன். மோர்டன். ரயில் சாரதி. ஓடியவள் மனைவி பெனிற்றா, கவுன்சிலில் வேலை. முடியைப் பிடித்தவள் அவனுடைய அக்கா தவநாயகி. மெடல் போட்டவர் கொட்வின், குடும்ப நண்பர், கிழக்கு லண்டன் பார்க்கிங் என்ற ஊரில் இருந்து வந்து இங்கே பனை வைன் கடை போட்டிருக்கிறார். குடித்தது அந்த வைன்தான்."

"அப்போ கடைக்காரர்..."

"அவசரப்படாதே. அதே போத்தலிலிருந்து இரண்டு நடுவர்கள் குடித்தார்கள். நான் குடித்தேன். என் மனைவி இரண்டு தடவை குடித்தாள். நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். விஷம் போத்தலில் இல்லை. கிளாஸில்."

மேசையில் பிளாஸ்டிக் பைகளுக்குள் கிளாஸ்கள் இருந்தன. விழா வாசலில் ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்து, அந்தக் கிளாஸின் கழுத்தில் பெயர் எழுதிய அட்டை கட்டிவிடுவார்கள். நாள் முழுக்க அவரவர் கிளாஸ் அவரவருக்கு.

நிசாந்தன் என்று எழுதிய கிளாஸ் சுத்தமாக இருந்தது.

பெனிற்றா என்று எழுதிய கிளாஸின் அடியில் வெள்ளையாக ஒரு மண்டி.

"ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது" என்றார் மார்ஷ். "இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை. தூளாக்கிக் கைநிறையப் போட்டிருக்கிறார்கள். பிழைப்பானா என்று சொல்ல முடியாதாம். தன் கிளாஸில் விஷத்தைப் போட்டுப் புருஷன் கையில் கொடுத்திருக்கிறாள். சொசேஜ் கடைக்காரி பார்த்திருக்கிறாள். அவன் செத்தால் கொலை. உட்கார வை அவளை."

*

பெனிற்றா உட்காரவில்லை.

"என்னை ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ. பேந்து என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

"அக்கா, ஒரு கேள்விதான்." ஜதுர்ஷிகா குரலைத் தணித்தாள். "உங்கட கிளாஸ்... நிசாந்தன் அண்ணா ஏன் குடிச்சார்?"

பெனிற்றா கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"நீங்கள் குடுத்தீங்களா?"

"ஓம்."

"அவர் கேட்டாரா?"

"கேக்கேல்லை. வழக்கமா... அவர் எடுத்துக் குடிப்பார்."

"உங்கட வைனை ஏன் நீங்கள் குடிக்கேல்லை?"

யன்னலுக்கு வெளியே வெந்நீர்க் குளத்தில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்ல ஏலாது."

"ஏன்?"

"சொன்னால்... அவர் செத்துப்போவார்."

ஜதுர்ஷிகா அதை எழுதிக்கொண்டாள். மார்ஷுக்கு மொழிபெயர்த்தாள்.

"இது வாக்குமூலமா, மிரட்டலா?" மார்ஷ் கேட்டார்.

"தெரியவில்லை சேர்."

"எனக்குத் தெரிகிறது."

*

அடுத்தது கொட்வின்.

கண்கள் சிவந்திருந்தன. மெடலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தார். உட்கார்ந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி. மன்னாரிலை ரெண்டு பேரும் ஒரே மாதா கோயில் பங்கு. அவளுக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை. கலியாணத்துக்கு அண்ணன் இடத்திலை நிண்டு கைபிடிச்சுக் குடுத்தவன் நான். அவள் செய்திருக்கமாட்டாள் எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களா, அங்கிள்?"

"இல்லை... காலமை கார் பார்க்கிலை ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். 'எனக்குப் பயமா இருக்கு, நான் உள்ளை வரேல்லை' எண்டு அவள் சொன்னது என்ரை காதிலை விழுந்தது. அதை எழுதாதேங்கோ பிள்ளை. பாவம்."

ஜதுர்ஷிகா எழுதினாள்.

"வைன் நீங்கள்தானே ஊத்தினீங்கள்?"

"ஓம். மூண்டு கிளாஸ். எல்லாற்றை கண்ணுக்கு முன்னாலை ஒரே போத்தல். தவநாயகி அக்கா தட்டிலை வைச்சுத் தங்கட மேசைக்குக் கொண்டு போனவ. பிறகு நான் காணேல்லை. என்ரை கடையிலை, என்ரை கையாலை, நடுவர்மார் நிக்கேக்கை நஞ்சு ஊத்த எனக்கென்ன பைத்தியமே?"

நியாயமான கேள்வி. மார்ஷ் தலையாட்டினார்.

"இந்த இதயக் குளிசை... அவையின்ரை குடும்பத்திலை ஆர் போடுறது?"

"தவநாயகி அக்கா போடுறவ" என்றார் கொட்வின், தயங்கித் தயங்கி. "அவவின்ரை ஹாண்ட்பாக்கிலை எப்பவும் இருக்கும். பெனிற்றாவுக்கும் அது தெரியும்."

எழுந்து போகும்போது கதவடியில் நின்று திரும்பினார்.

"அவளை வெருட்டாதேங்கோ பிள்ளை. உண்மையை அவளாச் சொல்லுவாள்."

*

தவநாயகி உள்ளே வந்த விதத்தில் விசாரிக்க வந்தது யார் என்ற சந்தேகமே வந்துவிடும். கதிரையை இழுத்து, அதைக் கைக்குட்டையால் துடைத்து, உட்கார்ந்து, ஜதுர்ஷிகாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு எவடம்?"

"எட்மண்டன், அன்ரி."

"அதைக் கேக்கேல்லை. தாய் தகப்பன்?"

"கரவெட்டி."

"கரவெட்டியார் பெத்த பிள்ளை இப்பிடியே தமிழ் கதைக்கிறது? வாய்க்குள்ளை உருளைக்கிழங்கு வைச்ச மாதிரி."

"அன்ரி, நீங்கள் இதயக் குளிசை போடுறீங்களா?"

"போடுறன். கொட்வினும் போடுறான். மோர்டனிலை அம்பது தாண்டின தமிழன் ஆர் போடாமல் இருக்கிறான்? என்ரை பை அங்கை உங்கட பொலிஸ்காரனிட்டை. எண்ணிப் பாக்கச் சொல்லு."

"உங்களுக்குப் பெனிற்றா அக்காவைப் பிடிக்காது. என்ன?"

"பிடிக்காது." துளித் தயக்கம் இல்லை. "அவன் எங்கட வீட்டுக்குச் சிலுவை போடுற வேதக்காரியைக் கொண்டு வந்தவன். சமையல் தெரியாது. வாய் மட்டும் தெரியும். அவளோடை நான் மூண்டு வருசமா முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. போதுமே, எழுதிட்டியோ?"

"அவதான் செய்தவ எண்டு நினைக்கிறீங்களா?"

தவநாயகி முதன்முறையாகத் தயங்கினாள். மோதிரங்களை உருட்டினாள்.

"அவள் குடுத்ததைத்தான் அவன் குடிச்சவன். அதைக் கண்டவுடனை எனக்குத் தலை சுழண்டுபோச்சு. ஆரெண்டு எனக்கென்ன தெரியும்? கண்டுபிடிக்கத்தானே உனக்குச் சம்பளம்."

"சரி. குடிக்க முதல் எல்லாரும் எங்கை நிண்டீங்கள்?"

"இந்தக் குளத்திலைதான். டிக்கெட்டோடை வெந்நீரும் இலவசமெல்லே. நானும் தம்பியும் இறங்கினம். கன்னியா வெந்நீர்க் கிணத்தைக் கண்டவளுக்கு இது ஒரு தண்ணியே?"

"பெனிற்றா அக்கா?"

"அவளோ?" தவநாயகி கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. மேசைக்கு மேலே குனிந்தாள். குரல் இறங்கியது. "அவள் எப்பிடி இறங்கிறது? அவள் முழுகாமல் எல்லே இருக்கிறாள்."

"முழுகாமல்... வெளியிலை இருந்தவவா?"

"என்ன?"

"மேசையிலை? கிளாஸ் எல்லாம் வைச்ச இடத்திலை?"

"மேசையிலைதான் இருந்தாள். அதுக்கென்ன?" தவநாயகி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நான் சொன்னது உனக்கு விளங்கினதே, பிள்ளை?"

"விளங்கினது அன்ரி."

"விளங்கினால் சரி. வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. அவளைக் கன நேரம் நிக்கவிடாமல் அந்தக் கதிரையிலை இருத்தி வை. அவ்வளவுதான்."

கதவு சாத்தியது.

ஜதுர்ஷிகா மார்ஷிடம் திரும்பினாள். "எல்லோரும் குளத்தில் இறங்கியிருக்கிறார்கள். பெனிற்றா மட்டும் குளிக்கவில்லை. கிளாஸ்களோடு தனியாக மேசையில் இருந்திருக்கிறாள்."

மார்ஷ் விரலைச் சொடுக்கினார்.

"முடிந்தது. 'பயமாக இருக்கிறது, உள்ளே வரமாட்டேன்' என்று புருஷனிடம் சாட்டு. தனியாக நேரம். தன் கிளாஸ். தன் கை. கைது செய்."

*

வெளியே வராந்தாவில் ஜதுர்ஷிகா கைவிலங்கு வாங்கிவரப் போய்க்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

அம்மா.

"எங்கையடி நிக்கிறாய்? சாப்பாட்டு விழா எண்டு போனவள், சாப்பிட்டியோ இல்லையோ?" சிவரூபினியின் குரல் எட்மண்டனில் இருந்து மோர்டனுக்குப் போன் இல்லாமலே கேட்கும்.

"அம்மா, பிஸி. ஒரு கேஸ். எங்கட ஆக்கள்."

"ஐயோ, ஆர்?"

"ஒரு ஹஸ்பண்ட் சீரியஸ். வைஃப்தான் சஸ்பெக்ட். பேர் சொல்ல ஏலாது."

"அவள் என்ன செய்தவளாம்?"

"அதைச் சொல்லக் கூடாதம்மா. எல்லாரும் ஸ்பாவுக்குப் போக, அவ மட்டும் முழுகாமல் இருக்கிறா. அதுதான் பிரச்சினை. நான் வைக்கிறன்."

"நில்லடி." சிவரூபினியின் குரல் திடீரென்று குழைந்தது. "எத்தனை மாசமாம்?"

"என்ன மாசம்?"

"முழுகாமல் இருக்கிறா எண்டு நீதானே சொன்னாய். எத்தனை மாசம்?"

"அம்மா, பூல். பூலிலை முழுகேல்லை."

"ஆர் உனக்கு அதைச் சொன்னது?"

"அவவின்ரை மச்சாள்."

"மச்சாள்காரி என்ன சொன்னவ? 'குளத்திலை முழுகேல்லை' எண்டோ? இல்லாட்டி, 'அவள் முழுகாமல் இருக்கிறாள்' எண்டோ?"

ஜதுர்ஷிகாவின் நடை நின்றது.

கதவைப் பார்த்தது... குரலை இறக்கியது... ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை...

"ரெண்டாவது" என்றாள் மெதுவாக.

"அப்பிடியெண்டால் வயித்திலை பிள்ளை எண்டெல்லே அர்த்தம், விசரி. ஊரிலை குஞ்சு குருமானுக்கும் தெரியும். உன்னைச் சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது ரோல்ஸ் தின்னவோ? ஹலோ... ஹலோ..."

ஹலோவுக்குப் பதில் இல்லை.

ஜதுர்ஷிகா ஓடிக்கொண்டிருந்தாள்.

*

பெனிற்றாவின் மணிக்கட்டை மார்ஷ் பிடித்திருந்தார்.

"சேர், ஒரு நிமிடம். நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன்."

"எதை?"

"எல்லாவற்றையும்."

சொன்னாள். மார்ஷின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. "குளிக்கவில்லை என்றால் கர்ப்பமா? என்ன மொழி இது?"

"என் மொழிதான் சேர். மன்னிக்கவும்."

பெனிற்றாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்கட வயித்திலை பிள்ளை. அதாலைதான் நீங்கள் வைன் குடிக்கேல்லை. ஆருக்கும் தெரியக்கூடாது எண்டு நிசாந்தன் அண்ணா உங்கட கிளாஸை வாங்கிக் குடிச்சவர். சரியா?"

பெனிற்றா வெறித்துப் பார்த்தாள். பிறகு பதறினாள்.

"நான் சொல்லேல்லை. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆர் சொன்னது?"

"நீங்கள் சொல்லேல்லை. எனக்குத் தெரியும்."

பெனிற்றா கதிரையில் சரிந்தாள். அழுகை வெடித்தது.

"முதல் ரெண்டும் தங்கேல்லை. ஆக்களுக்குச் சொன்ன கிழமையே கலைஞ்சு போட்டுது. இந்த முறை மூண்டு மாசம் முடியிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது எண்டு அவர் தன்ரை தலையிலை என்ரை கையை வைச்சுச் சத்தியம் வாங்கினவர். அவர் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கேக்கை அவரின்ரை தலையிலை செய்த சத்தியத்தை நான் எப்பிடி உடைக்கிறது? நீங்கள் கொண்டுபோய் உள்ளை போட்டாலும் பரவாயில்லை எண்டு இருந்தனான்."

"கார் பார்க்கிலை பயமா இருக்கு எண்டது?"

"வைன் விழாவுக்கை போனால் குடியாதது தெரிஞ்சுபோடும் எண்ட பயம். சரி, நான் ரெண்டு பேருக்கும் சேத்துக் குடிக்கிறன் எண்டு அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தவர்."

மார்ஷுக்கு ஒவ்வொரு வரியாகப் போய்ச் சேர்ந்தது. அவர் பெனிற்றா என்று எழுதிய கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்படியென்றால் இந்த விஷம் புருஷனுக்கு வைத்தது இல்லை."

"இல்லை சேர். இவவுக்கு வைத்தது."

"தட்டைக் கொண்டு வந்தது யார்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள்.

*

"நானோ?" தவநாயகி இடுப்பில் கை வைத்தாள். பக்கத்தில் கொட்வின் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். மார்ஷ் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டிருந்தார்.

"அன்ரி, உங்களுக்குப் பெனிற்றா அக்காவைப் பிடிக்காது. தட்டைக் கொண்டு போனது நீங்கள். குளிசை உங்கட பையிலை இருக்கு."

"எடியே கரவெட்டியாள். அவள் முழுகாமல் இருக்கிறாள் எண்டு உனக்குச் சொன்னது ஆர்?"

ஜதுர்ஷிகா தன் குறிப்பைப் புரட்டினாள்.

"நான் சொன்னனான். கறி தாளிச்ச மணத்துக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினபோதே எனக்குப் பிடிபட்டிட்டுது. அவள் குடிக்கமாட்டாள் எண்டும் தெரியும். கோயில் விருந்து, பிறந்தநாள் எண்டு போன இடமெல்லாம் அவளின்ரை கிளாஸை இவன் களவாக் குடிச்சுக்கொண்டு வாறதும் தெரியும். அப்பிடியிருக்க, அவளின்ரை கிளாஸிலை நஞ்சு போட்டால் அது ஆற்றை வயித்துக்குப் போகும்? என்ரை தம்பியின்ரை வயித்துக்கு. அவனை நான் கொல்லுவனோ?"

பெனிற்றா நிமிர்ந்தாள். "மச்சாள்... உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? கண்ணூறு படக்கூடாது எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். உனக்காக இல்லை. என்ரை தம்பியின்ரை பிள்ளைக்காக. அழாதை, மூக்கைத் துடை."

ஜதுர்ஷிகா மெல்ல மூச்சு விட்டாள்.

தெரிந்தவள் வைத்திருக்க முடியாது. வைத்தவனுக்குத் தெரிந்திருக்க முடியாது.

அந்தக் கிளாஸைத் தொட்டவர்களில் தெரியாதவர் ஒரே ஒருவர்தான்.

"கொட்வின் அங்கிள். தங்கச்சி பிள்ளைத்தாச்சி எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

கொட்வினுக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது. சமாளித்துக்கொண்டார். "ஓம்... தெரியும். நான் அண்ணன் மாதிரியெல்லே. எனக்குத் தெரியாமலே?"

"தெரிஞ்சுகொண்டோ அவளின்ரை கிளாஸை ஐஸ் பெட்டிக்குப் பின்னாலை வைச்சுத் துடைச்செடுத்து விளிம்பு முட்ட ஊத்தினாய்?" தவநாயகி பாய்ந்தாள். "'இது தங்கச்சிக்கு ஸ்பெஷல், முழுக்கக் குடிக்க வேணும்' எண்டு என்ரை கையிலை சொல்லிச் சொல்லித் தந்தாயே. பிள்ளைத்தாச்சிக்கு ஸ்பெஷலோ?"

"அது... எனக்கு... தெரியும் எண்டால், வடிவாத் தெரியாது..."

"தெரியுமா, தெரியாதா?" மார்ஷ் கேட்டார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வேர்த்துக் கொட்டுவது எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

கதவு தட்டப்பட்டது. ஒரு கான்ஸ்டபிள் தலையை நீட்டினான். கையில் ஒரு பை. பைக்குள் குளிசை உடைத்தெடுத்த வெற்று அட்டைகள்.

"பனை வைன் கடையில் சேர். ஐஸ் பெட்டிக்கு அடியில். அட்டையில் இவருடைய பெயர் ஒட்டியிருக்கிறது. இன்னொன்று, ஆஸ்பத்திரியிலிருந்து தகவல். அந்த மனிதர் கண் திறந்துவிட்டார். முதல் கேள்வியே, 'பெனிற்றா அதைக் குடித்தாளா?' என்பதுதானாம். இல்லை என்றதும் தூங்கிவிட்டாராம்."

பெனிற்றா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கொட்வின் ஒரு அடி பின்னால் வைத்தார். சுவர் இருந்தது.

"எனக்கென்ன காரணம்?" குரல் கீச்சிட்டது. "சொல்லுங்கோ பாப்பம். கைபிடிச்சுக் குடுத்த தங்கச்சியைக் கொல்ல எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கோ. பத்திரிகையிலை என்ரை படம் வருது. மன்னார்ப் பனையை லண்டனுக்குக் கொண்டு வந்தவன் எண்டு கோயிலிலை சால்வை போட்டவங்கள். இண்டைக்கு வெள்ளைக்காரன் தங்க மெடல் தந்திருக்கிறான். எனக்கென்ன குறை?"

ஜதுர்ஷிகா மார்ஷுக்கு மொழிபெயர்த்தாள்.

பெனிற்றா கையை எடுத்தாள். கண்ணீர் நின்றிருந்தது. இப்போது பார்த்த பார்வையில் தங்கச்சி இல்லை.

"அந்த மெடல்தான் குறை" என்றாள்.

கொட்வின் கையை நீட்டினார். "தங்கச்சி..."

"தங்கச்சி எண்டு சொல்லாதேங்கோ. நான் கவுன்சிலிலை சாப்பாட்டுச் சாமான் சோதிக்கிற பகுதியிலை வேலை செய்யிறன், சேர். போன கிழமை இவரின்ரை போத்தில் ஒண்டை லாப்புக்கு அனுப்பினனான். ரிசல்ட் வந்த உடனை இவரிட்டைத்தான் முதல் சொன்னனான். அண்ணை, நீங்களாப் போய் உண்மையைச் சொல்லுங்கோ, இல்லாட்டித் திங்கட்கிழமை நான் சொல்லுவன் எண்டு. நேற்று. இவர் என்ரை கையைப் பிடிச்சு அழுதவர். ஓம் எண்டவர். நஞ்சு என்ரை மனிசனுக்கு வைச்சது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்ததாலை, எனக்கு இவரைப் பற்றி ஒரு நினைப்பும் வரேல்லை."

"ஊர் சிரிக்குமடி!" கொட்வின் வெடித்தார். "சனம் என்ரை முகத்திலை காறித் துப்பும். திங்கட்கிழமை எண்டு நாளும் குறிச்சுத் தந்தாய். உனக்கு வாய் எதுக்கு?"

கைவிலங்கு பூட்டும் சத்தம் கேட்டது. இந்த முறை சரியான மணிக்கட்டில்.

மார்ஷ் தன்னுடைய போத்தல் பையைச் சந்தேகமாகப் பார்த்தார். "கான்ஸ்டபிள், அவளிடம் கேள். நானும் என் மனைவியும் உண்மையில் குடித்தது என்ன?"

ஜதுர்ஷிகா கேட்டாள்.

"பயப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள் பெனிற்றா. "சூப்பர் மார்க்கெட்டிலை விக்கிற மலிவு அப்பிள் சைடர். அதுக்குள்ளை கொஞ்சம் பனங்கட்டி கரைச்சு இவரின்ரை வீட்டுக் கராஜிலை வைச்சு அடைக்கிறது. அந்தப் போத்திலுக்கை ஒரு சொட்டுக் கள்ளும் இல்லை."

தவநாயகி கொட்வினின் சட்டைப்பைக்குள் கையை விட்டு மெடலை வெளியே எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை அவருடைய கழுத்திலேயே நேராக மாட்டிவிட்டாள்.

"இருக்கட்டும் சேர், கழட்டாதேங்கோ. அப்பிள் மரத்திலை ஏறிக் கள்ளுச் சீவின முதல் தமிழன் இவன்தானே."